சிகாகோவில் முதன்முறை கேஜன், சதர்ன் உணவகத்துக்குப் போகிறீர்களா? எதைக் கேட்பது, எதை விடுவது, பில் எவ்வளவு வரும்

சிகாகோவுக்கு வேலைக்கோ மேற்படிப்புக்கோ வந்தவர்களுக்கு மெக்சிகன், தாய், இத்தாலியன் கடைகள் சீக்கிரமே பழகிவிடும். அமெரிக்கத் தென் மாநிலச் சமையலும் லூசியானாவின் கேஜன் சமையலும் பரிமாறுகிற கடைக்குள் நுழையும்போதுதான் தடுமாற்றம் வரும். பாதிப் பெயர்கள் பிரெஞ்சு மாதிரி இருக்கும். மீதிப் பெயர்களை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆபீஸ் டீமோடு போயிருந்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதையே நாமும் சொல்லிவிட்டு, தட்டு வந்த பிறகு முழிப்போம்.

உண்மையில் இது நம் நாக்குக்கு ரொம்பவே ஒத்துவரும் சமையல். சோறு உண்டு, வெண்டைக்காய் உண்டு, காராமணி உண்டு, இறால், நண்டு, கெளுத்தி மீன் எல்லாம் உண்டு. சிக்கல் ஒன்றுதான். மற்ற கடைகளில் கறி தட்டில் கண்ணுக்குத் தெரியும். இங்கே காய்கறிக்குள்ளும் பருப்புக்குள்ளும் ரொட்டிக்குள்ளும் கரைந்து கிடக்கும். சைவர்களும் பன்றிக்கறி தொடாதவர்களும் இதைத் தெரிந்துகொண்டு போனால் போதும், பாதி வேலை முடிந்தது. நான் வந்த புதிதில் இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இல்லை. பரிமாறுபவர்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த மாதிரிக் கடை என்று முதலில் பாருங்கள்

“சதர்ன்”, “சோல் ஃபுட்”, “கேஜன்”, “கிரியோல்”, “சீஃபுட் பாயில்” என்று பலகையில் பல பெயர்கள் இருக்கும். சோல் ஃபுட் என்பது தென் மாநிலக் கறுப்பின மக்களின் வீட்டுச் சமையல், கிரியோல் என்பது லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரச் சமையல். நம் வசதிக்கு இவற்றை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, மேசை விரிப்பும் முன்பதிவும் உள்ள சதர்ன் உணவகம். ஹைட் பார்க்கில் 53ஆம் தெருவில் இருக்கும் வர்ச்சூ இந்த வகை. அதன் தலைமைச் சமையல்காரர் எரிக் வில்லியம்ஸ் 2022இல் அமெரிக்காவின் பெரிய சமையல் விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கியவர். டவுன்டவுனில் மில்லேனியம் ஸ்டேஷனில் மெட்ரா எலக்ட்ரிக் ரயில் ஏறி ஹைட் பார்க்கின் 53ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஆனால் மெட்ரா, சிடிஏ ரயில் மாதிரி ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று வராது. திரும்பி வரும் ரயிலின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருங்கள்.

இரண்டாவது, கவுன்டரில் வாங்கிக்கொள்ளும் சோல் ஃபுட் கடை. ஒரு கறி, இரண்டு மூன்று பக்க உணவு, ஒரு துண்டு கார்ன்பிரெட் (சோள மாவு ரொட்டி), இதுதான் ஒரு தட்டு. வயிறு நிறையும், விலையும் குறைவு. நகரின் தெற்குப் பக்கத்தில் இவை நிறைய உண்டு.

மூன்றாவது, நியூ ஆர்லியன்ஸ் பாணி பார். கம்போ, போ பாய் (இவை என்ன என்று 4ஆம் பகுதியில் சொல்கிறேன்), காக்டெயில், சில இடங்களில் ஜாஸ். சாயங்காலம் ஆகிவிட்டால் பக்கத்தில் பேசுவது காதில் விழாது. நான்காவது, பிளாஸ்டிக் விரித்த மேசையில் இறாலையும் நண்டையும் பையோடு கொட்டும் பாயில் கடை. இதற்குத் தனி நடைமுறை உண்டு, 6ஆம் பகுதியில் வருகிறேன்.

முட்டைகூட வேண்டாம் என்கிற சுத்த சைவர்கள் இந்த நான்கையும் தாண்டி 75ஆம் தெருவில் உள்ள சோல் வெஜ் சிட்டிக்குப் போகலாம், முன்பு ஒரிஜினல் சோல் வெஜிடேரியன் என்று பெயர். இது பல பத்தாண்டுகளாக நடக்கும் கடை, முழுக்க வீகன். கீரை, மேக் அண்ட் சீஸ் எல்லாம் அங்கே எந்தக் கேள்வியும் கேட்காமல் சாப்பிடலாம். கிளம்பும் முன் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. நாளும் நேரமும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோல் ஃபுட் கடைப் பக்கம் போகாதீர்கள். சர்ச் முடிந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள், வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். 11 மணிக்கு முன்பே போய்விட்டால் சமாளிக்கலாம். திங்கட்கிழமை பல சின்னக் கடைகளுக்கு விடுமுறை. கவுன்டர் கடைகள் பல சீக்கிரமே மூடிவிடும். அதோடு, சமைத்தது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். எருதுவால் கறிதான் எப்போதும் முதலில் தீரும். அது வேண்டுமென்றால் போகும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

மார்டி கிரா நாளன்று எந்த கேஜன் கடையிலும் முன்பதிவில்லாமல் இடம் கிடைக்காது. சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய் அது, லூசியானாவின் பெரிய கொண்டாட்டம். 2027இல் பிப்ரவரி 9. அன்று சிகாகோவில் பாதிப் பேர் போலந்துக்காரர்களின் பஞ்ச்கி என்ற டோனட் வாங்க பேக்கரி வாசலில் நிற்பார்கள், மீதிப் பேர் கம்போ சாப்பிடப் போவார்கள். அதற்கு அடுத்து வரும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் வறுவலுக்குக் கூட்டம் கூடும்.

பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில் வரும் சிகாகோ ரெஸ்டாரன்ட் வீக்கைக் கவனியுங்கள். அந்தச் சமயத்தில் பெரிய உணவகங்களிலும் நிர்ணய விலைச் சாப்பாடு போடுவார்கள். அண்மை ஆண்டுகளில் மதியத்துக்கு 30 டாலர், இரவுக்கு 45 அல்லது 60 டாலர் என்று இருந்தது. வரியும் டிப்ஸும் அதற்கு மேல். ஆனால் அந்த மெனுவில் தேர்வு குறைவு. பன்றிக்கறி இல்லாத வரிசை ஒன்று முழுதாக அமைகிறதா என்று இணையத்தில் மெனுவைப் பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள்.

முன்பதிவுக்கு ஓபன் டேபிள், ரெசி போன்ற ஆப்களில் ஏதாவது ஒன்றை அந்தக் கடை வைத்திருக்கும். பதிவு செய்யும்போதே கிரெடிட் கார்டு எண் கேட்டால், கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ரத்து செய்யாமல் போகாமலிருந்தால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யலாம் என்பதும் அங்கேயே இருக்கும். “ஆறு பேர்” என்று பதிவு செய்துவிட்டு நாலு பேர் போனால் மீதி இரண்டு பேருக்கும் கட்டணம் போடும் கடைகள் உண்டு. மேசையைப் பொதுவாகக் கால் மணி நேரம்தான் வைத்திருப்பார்கள். பனி கொட்டும் நாளில் தாமதமாகும் என்று தெரிந்தால் உடனே போன் செய்யுங்கள், பெரும்பாலும் காத்திருப்பார்கள். முழுக் கூட்டமும் வந்து சேர்ந்தால்தான் உட்கார விடுவோம் என்பார்கள் சில இடங்களில். நம்மவர்கள் நாலு காரில் நாலு நேரத்துக்கு வருவது அங்கே நடக்காது.

3. கையில் இருக்க வேண்டியவை

சாப்பிட மட்டும் போகிறீர்கள் என்றால் எந்த ஆவணமும் தேவையில்லை. மது வாங்குவதாக இருந்தால் வயதுச் சான்று கட்டாயம். இலினாயில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். தலை நரைத்திருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியது இலினாய் ஓட்டுநர் உரிமம், மாநில அடையாள அட்டை, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று. நம் ஊர் ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் பெரும்பாலான இடங்களில் ஏற்க மாட்டார்கள். பிறந்த தேதி அதில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தாலும் பயனில்லை. பாஸ்போர்ட்டை போனில் படம் எடுத்துக் காட்டுவதும் எடுபடாது. ஒவ்வொரு முறையும் அசல் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு பாருக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை, தொலைந்தால் விசா வரைக்கும் தலைவலி. 20 டாலர் கட்டி மாநில அடையாள அட்டை எடுத்துவிடுவதே நல்லது. விண்ணப்பித்த அன்று ஒரு தற்காலிகத் தாள்தான் தருவார்கள், அட்டை தபாலில் வரும். அந்தத் தாளை வயதுச் சான்றாக நம்பிப் போகாதீர்கள். மேசையில் ஒருவரிடம் அடையாள அட்டை இல்லாவிட்டால் அவருக்கு மட்டும் மது தர மாட்டார்கள், மற்றவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

ஒவ்வாமை இருந்தால் அதை ஒரு சின்னத் தாளில் ஆங்கிலத்தில் எழுதி எடுத்துப் போங்கள். இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்கு இந்தச் சமையலறை ஆபத்தான இடம். கோழி கம்போவின் சாற்றிலும் இறால் ஓடு கொதித்திருக்கலாம். கோதுமை ஒவ்வாதவர்களுக்கும் அதே எச்சரிக்கைதான், காரணம் அடுத்து வருகிறது.

4. மெனுவில் என்ன என்ன

கம்போ: கோதுமை மாவை எண்ணெயில் போட்டு, கைவிடாமல் கிளறி, சாக்லேட் நிறம் வரும்வரை வறுத்து, அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் வதக்கிச் சாறு ஊற்றிக் கொதிக்க வைப்பது. நம் குழம்பு போலவே சோற்றின் மேல் வரும். சிலர் வெண்டைக்காய் போட்டுக் கெட்டியாக்குவார்கள், சிலர் சாசஃபிராஸ் இலைப் பொடியைத் தூவுவார்கள். கோழியும் ஆண்டூயி என்ற பன்றி சாசேஜும் போட்டது ஒரு வகை, கடல் உணவு போட்டது இன்னொரு வகை. கடல் உணவு கம்போவிலும் சாசேஜ் இருப்பது சகஜம். முதல் தடவை “கப்” அளவு வாங்கிப் பாருங்கள், “போல்” வேண்டாம். கப் சுமார் 8 முதல் 12 டாலர்.

ஜம்பலாயா: அரிசியைச் சாற்றோடும் கறியோடும் ஒரே பாத்திரத்தில் வேகவைப்பது. எட்டூஃபே: இறாலோ கிராஃபிஷ்ஷோ கெட்டியான வெண்ணெய்க் குழம்பில் வரும், பக்கத்தில் சோறு. இந்தப் பட்டியலில் நம் ஆட்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போவது எட்டூஃபேதான்.

போ பாய்: நீள பிரெஞ்சு ரொட்டிக்குள் வறுத்த இறால், சிப்பி அல்லது கெளுத்தி. “டிரெஸ்ட்?” என்று கேட்பார்கள். லெட்டூஸ், தக்காளி, வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், மயோனைஸ் வைக்கட்டுமா என்பதுதான் கேள்வி. முட்டை கூடாதவர்கள் மயோனைஸை விலக்கச் சொல்லுங்கள். சரி, முழு அளவு வாங்கிவிட்டால் இரண்டு பேர் சாப்பிடலாம். அரை அளவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிளாக்கன்ட் என்றால் கருகியது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, மசாலா பூசி, காய்ந்த இரும்புச் சட்டியில் சுட்டெடுப்பது. சமையல்காரர் பால் புருதோம் 1980களில் இதை நாடு முழுக்கப் பிரபலமாக்கினார். பிளாக்கன்ட் கேட்ஃபிஷ் எந்தக் கடையிலும் பாதுகாப்பான தேர்வு. மசாலாவில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்மதர்ட் என்றால் கிரேவியில் நெடுநேரம் வேகவைத்தது. சிக்கன் ஃபிரைட் ஸ்டேக் என்பதில் சிக்கன் கிடையாது. அது மாட்டுக்கறி, கோழியைப் பொரிப்பதுபோல் பொரித்திருப்பார்கள். கோழி என்று நினைத்து அதை வாங்கிய நம்மவர்கள் எத்தனையோ பேர். டர்ட்டி ரைஸில் கோழி ஈரலோடு பன்றிக் கொத்துக்கறியும் இருக்கலாம். பூடான் பன்றிக்கறியும் சோறும் அடைத்த சாசேஜ். டாசோ புகையூட்டிய பன்றிக்கறி. துண்டு சின்னதாக இருப்பதால் இறால் உணவுகளுக்குள் சத்தமில்லாமல் வந்துவிடும்.

கிரிட்ஸ் என்பது வெள்ளைச் சோள ரவைக் கஞ்சி. ரவா உப்புமாவை எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள், தளதளவென்று இருக்கும். இறால் போட்டு வரும் கிரிட்ஸ் பெயர்பெற்றது, அதன் மேல் பேக்கன் தூவுவதும் வழக்கம்.

பச்சைச் சிப்பி மெனுவில் இருந்தால் கர்ப்பிணிகள், ஈரல் நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. மற்றவர்களுக்கும் முதல் முறைக்கு, தணலில் சுட்டு வெண்ணெயும் சீஸும் போட்ட சிப்பியைத்தான் சொல்வேன்.

5. சைவம், பன்றிக்கறி, ஹலால்: எப்படிக் கேட்பது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

“இஸ் இட் வெஜிடேரியன்?” என்று கேட்டால் “ஆமாம்” என்ற பதில் வந்தாலும் வரும். பரிமாறுபவர் பொய் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கறித்துண்டு இல்லை என்பது அவர் கணக்கு. அதனால் பொருளைச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் கேட்கும் கேள்விகள் நான்கு:

கீரையும் பயறும் எதில் வேகின்றன? காலர்ட் கீரையைப் பன்றிக்கால் எலும்பு போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பதுதான் மரபு. இப்போது பல கடைகளில் அதற்குப் பதில் புகையூட்டிய வான்கோழி போடுகிறார்கள். பன்றி தவிர்ப்பவர்களுக்கு அது சரி, சைவர்களுக்கு உதவாது. காராமணி, பச்சை பீன்ஸ், சிவப்பு பீன்ஸ் சோறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சாறு எது? கிரிட்ஸைக் கோழிச் சாற்றில் வேகவைக்கும் கடைகள் உண்டு. தண்ணீரிலா பாலிலா என்று கேளுங்கள்.

என்ன கொழுப்பு? கார்ன்பிரெட் சுடும் சட்டியில் பேக்கன் கொழுப்பு தடவுவார்கள். பிஸ்கட்டிலும் (இங்கே அது மெத்தென்ற சின்ன ரொட்டி) பை மாவிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. வெண்ணெய் மட்டும்தான் என்று சொன்னால் தைரியமாகச் சாப்பிடலாம்.

பொரிக்கிற எண்ணெய் தனியா? பச்சைத் தக்காளி வறுவலும் வெண்டைக்காய் வறுவலும் உருளைக்கிழங்கும் கெளுத்தி, கோழி பொரித்த அதே எண்ணெயில்தான் பெரும்பாலும் வேகும். “ஷேர்ட் ஃபிரையர்?” என்று இரண்டே சொல்லில் கேட்டால் போதும், புரிந்துகொள்வார்கள்.

இவை தவிர இன்னும் சில பொறிகள். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் வரும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது, அது பெரும்பாலும் பன்றியிலிருந்து வருவது. வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி உண்டு, மயோனைஸில் செய்யும் ரெமுலாட் சாஸில் அதைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். பிரெட் புட்டிங்கின் மேல் ஊற்றுவது விஸ்கி சாஸ். பனானாஸ் ஃபாஸ்டர் என்ற வாழைப்பழ இனிப்பில் ரம். மதுவைத் தொடாதவர்கள் இனிப்பு வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

கம்போ செர்ப் என்ற பச்சைக் கம்போவைப் பார்த்ததும் சைவர்கள் சந்தோஷப்படுவார்கள். பல வகைக் கீரை போட்டது உண்மைதான். ஆனால் நியூ ஆர்லியன்ஸின் டூக்கி சேஸ் உணவகத்தில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வியாழனன்று பரிமாறும் பேர்போன கம்போ செர்ப்பில் சாசேஜ், ஹாம், கோழி எல்லாமே உண்டு. வேறு கடைகளில் கறியில்லாமலும் செய்வார்கள். கேட்டால்தான் தெரியும்.

“வெஜிடபிள் பிளேட்” என்று மெனுவில் இருந்தால் நாலு பக்க உணவை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று பொருள், சைவத் தட்டு என்று பொருள் இல்லை. தென் மாநிலங்களில் மேக் அண்ட் சீஸும் காய்கறிக் கணக்கில்தான் வரும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, இப்போது அந்தக் கணக்கில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

முட்டையும் பாலும் சாப்பிடும் சைவர்கள் சாதாரண சதர்ன் கடையிலும் ஒப்பேற்றிவிடலாம். மேக் அண்ட் சீஸ், பிமென்டோ சீஸ் (சிவப்புக் குடைமிளகாய் கலந்த சீஸ்), கோல்ஸ்லா, உருளைக்கிழங்கு சாலட், தண்ணீரில் வேகவைத்த சீஸ் கிரிட்ஸ், கடைசியில் பீச் பழம் போட்டுச் சுட்ட பீச் காப்ளர். கோல்ஸ்லாவில் மயோனைஸ், கார்ன்பிரெட்டில் முட்டை உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஹலால் பார்ப்பவர்களுக்கு மீன்தான் எளிய வழி. கோழி பெரும்பாலும் ஹலாலாக இருக்காது. மீனையும் பொரித்து வாங்காமல் பிளாக்கன்ட் அல்லது கிரில் செய்து கேளுங்கள், எண்ணெய்ப் பிரச்சினை தீரும். சட்டியைத் துடைத்துவிட்டுச் செய்யச் சொன்னால் கூட்டமில்லாத நேரத்தில் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள்.

இவ்வளவு கேள்வி கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமே வேண்டாம். “ஐ டோன்ட் ஈட் போர்க், கேன் யூ செக் வித் த கிச்சன்?” என்று சொன்னால் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார்கள். “ஹனி”, “பேபி” என்று அழைத்துக்கொண்டே பதில் சொல்வார் ஒரு அம்மா. அது அவர்கள் பேசும் வழக்கம். நீங்கள் “மேம்” என்று சொன்னால் மேசைக்கு இன்னும் கொஞ்சம் கார்ன்பிரெட் வரும்.

6. பாயில் கடையில்

கிராஃபிஷ் என்பது நன்னீரில் வாழும், சின்ன சிங்கி இறால் போன்ற ஒன்று. லூசியானாவிலிருந்து உயிரோடு விமானத்தில் சிகாகோவுக்கு வருகிறது. நல்ல பருவம் மார்ச் முதல் மே வரை. மற்ற மாதங்களில் கிடைப்பது பெரும்பாலும் உறைய வைத்தது, சதை சவசவ என்றிருக்கும். பருவம் இல்லாத நாளில் இறால் வாங்குங்கள், அதே மசாலாதான்.

மெனுவில் விலை இருக்காது, “மார்க்கெட் பிரைஸ்” என்று மட்டும் எழுதியிருக்கும். பவுண்டு எவ்வளவு என்று கேட்ட பிறகே சொல்லுங்கள். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம், ஓடும் தலையும் சேர்த்து. சதை அதில் ஆறில் ஒரு பங்கு தேறினால் அதிகம். ஊர்க்காரர்கள் ஆளுக்கு மூன்று, நான்கு பவுண்டு சாப்பிடுவார்கள். புதியவர்கள் ஆளுக்கு இரண்டு பவுண்டோடு சோளம், உருளைக்கிழங்கு சேர்த்து வாங்கினால் போதும். சாசேஜ் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். அதே பானையில்தான் அதுவும் வேகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிக்கும் முறை: ஒரு கையில் தலை, மறு கையில் வால். லேசாக முறுக்கி இழுத்தால் பிரியும். வாலின் மேல் ஓட்டில் முதல் இரண்டு வளையத்தைப் பெயர்த்து எடுங்கள். பிறகு வால் நுனியை விரலால் அழுத்திக்கொண்டு சதையை மெல்ல இழுத்தால் முழுசாக வந்துவிடும். முதுகில் கறுப்பு நரம்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். தலைக்குள் மஞ்சளாக இருப்பதை உறிஞ்சுவார்கள், நண்டு தின்னத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளைச் சட்டை வேண்டாம். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடியோடு போங்கள், காரம் விரல் இடுக்கில் ராத்திரி வரை நிற்கும். எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டால் வாடை கொஞ்சம் குறையும். கையுறை கேட்டால் தருவார்கள். குளிர்காலக் கோட்டை மேசைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள், வெண்ணெய்ப் பூண்டுக் கறை கம்பளியில் விழுந்தால் போகாது.

7. காரமும் பானமும்

கேஜன் என்றாலே காரம் என்று பயமுறுத்துவார்கள். சமைத்து வரும் கம்போவும் எட்டூஃபேயும் நம் வீட்டு ரசத்தைவிடச் சாதுவாகத்தான் இருக்கும். மேசையில் இருக்கும் சிவப்புச் சாஸை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். டபாஸ்கோ லூசியானாவின் ஏவரி ஐலண்டில் தயாராவது. புளிப்பு அதில் முன்னால் நிற்கும், இரண்டு சொட்டு போதும். பாயில் கடையில் மட்டும் கதை வேறு. அங்கே கெய்ன் மிளகாய் உதட்டில் ஒட்டிக்கொண்டு நேரம் ஆக ஆக ஏறும். நடுத்தரக் காரத்தில் தொடங்குங்கள், வீரம் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்வீட் டீ ஐஸ் போட்ட தேநீர், சர்க்கரைப் பாகு என்றே சொல்லலாம். இனிப்புள்ளதும் இல்லாததும் பாதிப் பாதி கலந்து தரச் சொன்னால் தருவார்கள். பெரும்பாலும் திரும்பத் திரும்ப இலவசமாக நிரப்புவார்கள், ஆனால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

8. பில்லும் டிப்ஸும்

மெனுவில் இருப்பது கடைசி விலை இல்லை. சிகாகோவில் உணவக வரி எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 11 சதவீதம், டவுன்டவுனில் இன்னும் ஒரு சதவீதம் கூட. டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். இரண்டு பேருக்கு ஒரு மாதிரிக் கணக்கு: கப் கம்போ 10, இறால் போ பாய் 18, பிளாக்கன்ட் கேட்ஃபிஷ் தட்டு 24, தேநீர் இரண்டு 8. மொத்தம் 60 டாலர். வரி 6.60. டிப்ஸ் 20 சதவீதம் என்றால் 12. ஆக 78.60. மெனு விலையோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டி மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் பில்லைப் பார்த்து அதிர்ச்சி வராது. மது சேர்ந்தால் கணக்கே வேறு, ஒரு காக்டெயில் ஒரு போ பாய் விலைக்கு வரும்.

பில் வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, “கிராஜுவிட்டி” அல்லது “சர்வீஸ் சார்ஜ்” என்று ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா. ஆறு பேருக்கு மேல் போனால் 18 முதல் 20 சதவீதத்தை அவர்களே போட்டுவிடுவது வழக்கம். அதைக் கவனிக்காமல் கீழே இன்னொரு தடவை டிப்ஸ் எழுதுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். இரண்டு, “சர்சார்ஜ்” என்று 3 சதவீதம் போல ஏதாவது இருக்கிறதா. அது டிப்ஸ் இல்லை, பரிமாறுபவருக்குப் போகும் என்று நினைக்காதீர்கள். அதை நீக்க முடியுமா என்று கேட்கலாம், சில கடைகளில் நீக்கித் தருவார்கள். மூன்று, கீழே அச்சடித்திருக்கும் டிப்ஸ் தொகைகள் வரிக்கு முந்தைய தொகைக்கா பிந்தையதற்கா. வரிக்கு முந்தையதற்குக் கொடுத்தால் போதும்.

பில்லைப் பிரிக்க வேண்டுமென்றால் உட்கார்ந்ததுமே சொல்லுங்கள். எட்டுப் பேர் சாப்பிட்டு முடித்த பிறகு “செபரேட் செக்ஸ்” என்றால் பல இடங்களில் முடியாது என்பார்கள். கார்டில் முதலில் டிப்ஸ் இல்லாத தொகை தெரியும், டிப்ஸ் சேர்ந்த தொகை இரண்டு மூன்று நாளில் வரும். டெபிட் கார்டில் கணக்கு மட்டாக வைத்திருக்கும் மாணவர்கள் அந்தப் பணத்தை விட்டுவையுங்கள். கையெழுத்திட்ட ரசீதின் உங்கள் பிரதியை, சரியான தொகை வரும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

கவுன்டரில் வாங்கி எடுத்துப்போனால் டிப்ஸ் கட்டாயமில்லை. திரையைத் திருப்பி 25 சதவீதம் காட்டினாலும் சங்கடப்பட வேண்டாம். ஒன்றிரண்டு டாலர் கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

9. மிச்சத்தைக் கட்டிக்கொண்டு

தட்டுகள் பெரிது, மிச்சமாவது நிச்சயம். “பாக்ஸ்” கேட்டால் இலவசமாகத் தருவார்கள், நாமே அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பொரித்த மீனையும் போ பாயையும் அங்கேயே முடித்துவிடுங்கள், வீட்டுக்கு வரும்போது ரொட்டி ஊறிப் போயிருக்கும். கம்போ அப்படி இல்லை, மறுநாள் இன்னும் ருசிக்கும். ஆனால் சோற்றோடு சேர்த்து வைத்தால் காலையில் சோறு சாற்றையெல்லாம் குடித்துவிட்டுக் களியாகியிருக்கும். எடுத்துப்போக என்றே வாங்குகிறீர்கள் என்றால் சோற்றைத் தனி டப்பாவில் கேளுங்கள். சூடு பண்ணும்போது அடுப்பில் மெதுவாகச் செய்யுங்கள். மைக்ரோவேவில் நேரம் அதிகமாக வைத்தால் இறால் ரப்பராகிவிடும்.